வேலை கண்ணில் படும் இடம்

லைபீரியாவின் தலைநகரான மன்ரோவியாவில் தையற்கடைகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்த ஒரு பகுதிக்கு 1970களில் ஜீன் லேவ் என்ற அமெரிக்க மானுடவியலாளர் பலமுறை போய் உட்கார்ந்து கவனித்தார். தொழில் பழக வந்த பையன்கள் எதை முதலில் கற்கிறார்கள் என்று பார்ப்பதுதான் அவர் நோக்கம். சட்டை தைப்பதென்றால் முதலில் துணியை வெட்ட வேண்டும், பிறகு மிஷினில் தைக்க வேண்டும், கடைசியில் ஓரம் மடித்துப் பித்தான் கட்ட வேண்டும். பையன்கள் கற்ற வரிசை இதற்கு நேர் தலைகீழாக இருந்தது. பித்தானும் ஓரமும் முதலில், தையல் அடுத்து, வெட்டு கடைசியில். பித்தானைத் தப்பாகக் கட்டினால் பிரித்துக் கட்டிக்கொள்ளலாம். துணியைத் தப்பாக வெட்டினால் துணி போச்சு. இன்னொரு லாபமும் உண்டு. முடிந்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு பித்தான் கட்டுகிற பையனுக்கு, ஒரு சட்டை எப்படி வந்து சேர வேண்டும் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுகிறது. லேவ் பின்னர் எட்டியன் வெங்கருடன் சேர்ந்து 1991இல் வெளியிட்ட புத்தகத்தில் இதற்கு எதிரான ஒரு காட்சியும் வருகிறது. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளின் இறைச்சிப் பிரிவில் தொழில் பழக வந்தவர்களை உறை சுற்றும் இயந்திரத்தின் பக்கத்தில் நிறுத்திவிடுகிறார்கள். கை தேர்ந்தவர்கள் இறைச்சி வெட்டுவது வேறு அறையில். பழக வந்தவர் வேலைக்கு வருகிறார், சம்பளம் வாங்குகிறார், ஆனால் வெட்டும் கையை அவர் பார்ப்பதே இல்லை.

மே மாதம் நம் கல்லூரி மாணவர்கள் பயிற்சிக்குக் கிளம்பும்போது இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முந்தைய தலைமுறை இன்பிளான்ட் ட்ரெயினிங் என்று சொன்னதை இன்று எல்லோரும் இன்டர்ன்ஷிப் என்கிறார்கள். வீட்டில் கேட்கிற கேள்வி மாறவில்லை: எந்தக் கம்பெனி, எந்த ஊர்? வெளிநாடு என்றால் சொந்தபந்தங்களிடம் சொல்லிக்கொள்ள ஒரு செய்தி. பெயர் தெரியாத பட்டறை என்றால் 'அங்கே போய் என்ன கற்றுக்கொள்ளப் போகிறாய்' என்ற சலிப்பு. ஆறு வாரத்தில் ஒரு மாணவர் என்ன கற்பார் என்பதைக் கம்பெனியின் பெயரும் நாட்டின் பெயரும் தீர்மானிப்பதில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அவரை எங்கே உட்கார வைக்கிறார்கள், அங்கிருந்து பார்த்தால் முழு வேலையும் கண்ணில் படுகிறதா, வேறொருவர் நம்பி எடுத்துக்கொள்ளும்படியான ஒரு சிறு வேலையாவது அவர் கைக்கு வருகிறதா என்பவைதான் தீர்மானிக்கின்றன. பித்தான் கட்டும் இடம் கிடைத்தவர் கற்கிறார். உறை சுற்றும் இடம் கிடைத்தவர், அது ஜெர்மனியில் இருந்தாலும், உறை சுற்றுவதோடு திரும்புகிறார்.

கோயம்புத்தூரில் பம்பு உடல்களை வார்க்கும் ஒரு பவுண்டரிக்கு மெக்கானிக்கல் மாணவி ஒருவர் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வார்ப்புக் குறைகள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். தேர்வில் ஊதுதுளைக்கான காரணங்களை எழுதச் சொன்னால் நான்கையும் எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடுவார். பவுண்டரியில் கேள்வி அந்த வடிவத்தில் வராது. அச்சை உடைத்து, மணலை உதறி, வரிசையாக அடுக்கிய பம்பு உடல்களில் சில ரிஜெக்ட் என்று ஒதுக்கப்பட்டுக் கிடக்கும். குனிந்து பார்த்தால் துளை தெரியும். மணலில் ஈரம் கூடிப்போனதா, உள்ளே வைத்த கோர் சரியாகக் காயவில்லையா, ஊற்றும்போது இரும்பின் சூடு இறங்கிவிட்டதா, காற்று வெளியேற வழி போதவில்லையா? நான்குமே புத்தகத்தில் உள்ள காரணங்கள்தான். இன்று காலை, இந்தத் துளைக்கு, அந்த நான்கில் எது காரணம் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. கல்லூரியில் கணக்கு கேட்பவர் தேவையான தகவல்களை மட்டும் கொடுத்து, வேண்டாதவற்றை நீக்கி, ஒரு விடை வரும்படி அமைத்துத் தருகிறார். வேலையிடத்தில் கணக்கை அமைப்பதே முதல் வேலை. எதைக் கேட்பது, எதை எண்ணுவது, யாரிடம் போய் நிற்பது என்று தெரியாமல் முதல் பத்து நாள் திணறுவதை மாணவர்கள் தங்கள் குறையாக நினைத்துக்கொள்கிறார்கள். அந்தத் திணறல்தான் பாடம் தொடங்கிவிட்டதற்கு அடையாளம்.

அந்த மணலையே கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பச்சை மணல் என்று சொல்வார்கள். நிறத்தால் வந்த பெயரல்ல, காயவைக்காத ஈர மணல் என்பதால் வந்த பெயர். மணலோடு பெண்டோனைட் களிமண், நிலக்கரித் தூள், அளவான தண்ணீர். ஈரம் சுமார் 3 முதல் 4 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். ஒருமுறை வார்த்த மணலே திரும்பத் திரும்பப் பயன்படுவதால், உருகிய இரும்பின் சூட்டை வாங்கிக்கொண்டு வரும் மணல் ஆறாமலே மறுபடி கலவைக்குப் போனால் ஈரம் கணக்கில் நிற்காது. சோதனைக்கூடத்தில் ஈரம் அளக்கும் கருவி இருக்கிறது. ஆனால் மணலில் அச்சு அமைக்கும் அனுபவப்பட்ட மோல்டர் ஒரு பிடி மணலை அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையை விரிப்பார். விரல் தடம் தெளிவாக நிற்கிறதா, உள்ளங்கையில் ஒட்டுகிறதா, இரண்டாக ஒடித்தால் உதிராமல் ஒடிகிறதா என்று பார்ப்பார். ஒரு நொடியில் தலையாட்டுவார், அல்லது தண்ணீரைக் குறைக்கச் சொல்வார். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவரால் முழுதாகச் சொல்ல முடியாது. தத்துவ அறிஞர் மைக்கேல் போலானி 1966இல் ஒரு முழுப் புத்தகமே எழுதியது இப்படிப்பட்ட, வாய்க்கு வராத அறிவைப் பற்றித்தான். மாணவி அந்த மோல்டரின் பக்கத்தில் நிற்க முடிந்தால், அவர் பிடித்துப் பார்த்த மணலைத் தானும் பிடித்துப் பார்த்து, பிறகு கருவி காட்டும் எண்ணோடு ஒப்பிடலாம். இரண்டு வாரத்தில் கை கொஞ்சம் கற்றுக்கொள்ளும். அதைவிட முக்கியமாக, எண்ணுக்கும் கைக்கும் உள்ள உறவு புரியும். ஏசி அறையில் உட்கார வைத்துப் பழைய அறிக்கைகளைத் தட்டச்சு செய்யச் சொன்னால் அதே பவுண்டரியில், அதே ஆறு வாரத்தில், இவற்றில் எதுவும் கிடைக்காது.

இன்னொன்றும் வேண்டும். பார்ப்பது மட்டும் போதாது. ரிஜெக்ட் ஆனவற்றை ஷிப்ட் வாரியாக, பேட்டர்ன் வாரியாக எண்ணி ஒரு அட்டவணை போடும்படி அவரிடம் சொல்லியிருக்கிறார்கள் என்று கொள்வோம். எளிய வேலை. ஆனால் அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் சூப்பர்வைசர் அடுத்த ஷிப்டில் எந்தக் கலவையைச் சோதிப்பது என்று முடிவு செய்வார் என்று தெரிந்ததும் மாணவியின் மனநிலையே மாறிவிடுகிறது. கல்லூரியில் கணக்கு தப்பினால் இரண்டு மதிப்பெண் போகும், நஷ்டம் தன்னோடு நிற்கும். இங்கே தப்பாக எண்ணினால் வேறொருவருடைய அரைநாள் வேலை வீணாகும். ஒருமுறை எண்ணியதை மறுபடி எண்ணும் பழக்கம், சந்தேகமானதைச் சந்தேகம் என்றே குறிக்கும் பழக்கம், 'இது எனக்குத் தெரியவில்லை' என்று நேரத்தோடு சொல்லும் பழக்கம் எல்லாம் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. இவற்றை வகுப்பில் அறிவுரையாகச் சொல்லலாம். அறிவுரையாகக் கேட்ட யாருக்கும் இவை வந்ததில்லை.

வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் கற்பதும் அடிப்படையில் இதுவே. வாய்ப்புகள் இருக்கின்றன, அவற்றில் பலவற்றுக்கு உதவித்தொகையும் உண்டு. ஜெர்மானிய கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் நடத்தும் வைஸ் திட்டத்தில் இந்திய மாணவர்கள் இரண்டு மூன்று மாதம் அங்குள்ள ஆய்வகங்களில் வேலை செய்கிறார்கள். கனடாவின் மைட்டாக்ஸ் குளோபலிங்க் திட்டம் 12 வாரம். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடம் கோடைதோறும் மாணவர்களை அழைக்கிறது. தொழில்நுட்ப மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்பும் அயேஸ்டே அமைப்பு 1948 முதல் இருக்கிறது. இப்படிப் போகிற மாணவருக்கு எது புதிதாக இருக்கும் என்று கேட்டால் பெரிய இயந்திரங்கள் என்றுதான் பலரும் பதில் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஆய்வகத்தின் நோட்டுப் புத்தகம்.

நம் கல்லூரி ஆய்வகத்தில் அப்சர்வேஷன் நோட்டு ஒன்று, ரெக்கார்டு நோட்டு ஒன்று. முதலாவதில் கிறுக்கியதை இரண்டாவதில் அழகாக எழுதி, ஸ்கேல் வைத்துப் படம் போட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8க்குப் பக்கத்தில் வராவிட்டால் ஒன்றிரண்டு அளவுகளைத் தட்டிக்கொட்டி வரவழைத்துவிடும் வழக்கம் நம்மில் எவருக்கும் புதிதல்ல. மாணவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. விடை முன்பே தெரிந்த சோதனையில் அளவைத்தான் திருத்துவார்கள். உண்மையான ஆய்வகத்தில் ஒரே நோட்டு. பக்கங்களுக்கு எண் இருக்கும், தாளைக் கிழிக்கக் கூடாது, பேனாவில் எழுத வேண்டும், தேதி போட வேண்டும், தப்பாக எழுதியதைக் கீழே உள்ளது படிக்கும்படி ஒரே கோட்டால் அடிக்க வேண்டும். பலிக்காத சோதனையும் அதில் ஏற வேண்டும். அடுத்த வருடம் அந்த மேசைக்கு வருபவர் இதைப் படித்துத்தான் தொடங்குவார். பலிக்காததை மறைத்தால் அவரும் அதே குழியில் விழுவார். தோற்ற சோதனையை வெட்கப்படாமல் தேதி போட்டு எழுதிவைக்கக் கற்ற மாணவர் அறிவியலின் உயிர்நாடியைத் தொட்டுவிட்டார் என்று தயங்காமல் சொல்வேன். பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், வாராந்தரக் கூட்டத்தில் தன் முறை வரும்போது எழுந்து பேசுவதும், பேராசிரியரே 'எனக்கும் தெரியவில்லை, பார்க்கலாம்' என்று சொல்வதைக் கேட்பதும் இதே பாடத்தின் மறுபக்கங்கள். 'சார்' என்று தொடங்கும் வாக்கியத்தில் மறுப்பு சொல்வது நம் பிள்ளைகளுக்கு அத்தனை எளிதாக இல்லை.

ஆனால் அந்த ஒற்றை நோட்டைப் பார்க்கக் கடல் தாண்ட வேண்டியதில்லை. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் உள்ள மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகைத் திட்டம் மாணவர்களை இரண்டு மாதம் நாட்டின் ஆய்வகங்களுக்கு அனுப்புகிறது. பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்திலும், மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்திலும், சென்னை ஐஐடியிலும் கோடைத் திட்டங்கள் உண்டு. வெளிநாடு மட்டுமே தருவது ஒன்று இருக்கிறதென்றால், அது நம் பழக்கங்களைப் பழக்கங்கள் என்று அடையாளம் காணவைப்பது. இயல்பு என்று நாம் நினைத்தவை ஊருக்கு ஊர் மாறும் என்பது, அரிசியைத் தானே வடித்து, பேருந்து நிறுத்தத்தைத் தானே தேடி அலையும்போது உறைக்கிறது. அதே நேரம் உள்ளூரில் கிடைக்கும் ஒன்று வெளிநாட்டில் கிடைப்பதில்லை: தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது காதில் விழும். எந்த இயந்திரம் சண்டித்தனம் செய்கிறது, எந்த அளவு கணக்குக்காக எழுதப்படுகிறது என்பதெல்லாம் டீ நேரத்துப் பேச்சில்தான் வெளிவரும். கோயம்புத்தூர்ப் பவுண்டரிகளில் இன்று இந்தியும் ஒடியாவும் கேட்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாஷை தெரியாத இடத்தில் சைகையாலும் சிரிப்பாலும் வேலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பயிற்சி பாஸ்போர்ட் இல்லாமலே கிடைக்கிறது. வெளிநாட்டு இன்டர்ன்ஷிப் ஏற்பாடு செய்வதாகச் சொல்லிப் பெருந்தொகை கேட்பவர்களிடம் கடன் வாங்கிக் கட்டப்போகும் பெற்றோர் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் சரி, நடப்பில் இன்டர்ன் என்றால் சம்பளம் இல்லாத எடுபிடி என்றுதானே பொருள் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது. 'ப்ளாக் ஸ்வான்' திரைப்படத் தயாரிப்பில் ஊதியமில்லாமல் வேலை செய்தவர்கள் அமெரிக்காவில் வழக்குத் தொடர்ந்தார்கள். சாப்பாட்டு ஆர்டர் எடுப்பதும் குப்பை அகற்றுவதும்கூட அவர்கள் வேலையில் இருந்தன. 2013இல் நியூயார்க் நீதிமன்றம் அவர்களைத் தொழிலாளர்கள் என்றே கொண்டது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை விலக்கிவிட்டு வேறொரு அளவுகோலைச் சொன்னது: இந்த ஏற்பாட்டில் முதன்மையாகப் பயனடைவது யார், மாணவரா நிறுவனமா? சட்டமாக இது நிறுவனங்களுக்குச் சாதகமாகப் போனதென்ற விமர்சனம் உண்டு. ஆனால் மாணவர் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள அது நல்ல கேள்வி. எடுபிடி வேலை என்பதாலேயே ஒரு வேலை வீணாகிவிடாது. பித்தான் கட்டுவதும் எடுபிடி வேலைதான். சட்டை கண்ணெதிரே இருக்கிறதா என்பதுதான் பிரித்துக் காட்டும் கோடு.

பணம் பற்றிய மறுப்பு இதைவிட வலிமையானது, அதற்கு முழு விடை என்னிடம் இல்லை. விடுமுறையில் கல்யாண மண்டபத்தில் பரிமாறப் போயும் ஜவுளிக்கடையில் நின்றும் அடுத்த செமஸ்டர் கட்டணத்தைச் சேர்க்கிற மாணவரிடம், சம்பளமில்லாமல் ஆறு வாரம் வேலை கற்றுக்கொள் என்று சொல்வது கொடுமை. அவர் இழப்பது கூலியை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை இழப்பது எதுவுமில்லை. அரசு 2024இல் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் தொடக்கத்தில் முழுநேரக் கல்லூரி மாணவர்களுக்கானதாக இருக்கவில்லை. ஆனால் அதன் முதல் சுற்று ஒரு பாடம் சொல்கிறது. மாதம் 5,000 ரூபாய் என்று அறிவித்து, 80,000க்கும் மேற்பட்ட வாய்ப்புகளை வழங்கியும், போய்ச் சேர்ந்தவர்கள் 10,000 பேருக்கும் குறைவு. காரணங்கள் பல: இடத்தின் தூரம், ஓராண்டு நீளம், வேலைக்கும் படிப்புக்கும் பொருந்தாமை. அந்தத் தொகையில் பெருநகரத்தில் அறை வாடகையும் மூன்று வேளைச் சாப்பாடும் அடங்காது என்பதையும் அந்தப் பட்டியலில் சேர்க்காமல் இருக்க முடியாது. ஊதியம் கொடுப்பது கருணைக்காக அல்ல. காசு கொடுத்து வைத்திருக்கும் ஆளை எந்த மேலாளரும் சும்மா உட்கார வைப்பதில்லை; வேலை கொடுப்பார், வேலை கொடுத்தால் கவனிப்பார். ஊதியமும் கற்றலும் ஒன்றுக்கொன்று எதிரி என்ற பேச்சு தவறு.

சான்றிதழ் கிடைத்தால் போதும், வேலைக்கு உதவுமே என்பார்கள். உதவும் என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்கப் பொருளியலாளர்கள் சிலர் கற்பனை விண்ணப்பங்கள் 9,000க்கும் மேல் தயாரித்து உண்மையான வேலை விளம்பரங்களுக்கு அனுப்பினார்கள். 2016இல் வெளியான அவர்கள் ஆய்வின்படி, இன்டர்ன்ஷிப் செய்ததாக ஒரு வரி இருந்த விண்ணப்பங்களுக்கு நேர்முக அழைப்பு சுமார் 14 சதவீதம் கூடுதலாக வந்தது. அந்த விண்ணப்பதாரர்கள் யாரும் உண்மையில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். யாரும் எதுவும் கற்கவில்லை. அந்த ஒரு வரியே கதவைத் திறந்தது. ஆகவே சான்றிதழுக்குச் சந்தையில் விலை உண்டு, கற்றலைச் சேர்க்காமலே உண்டு. நம் ஊரில் பணம் கட்டினால் ஆன்லைனில் சில வீடியோக்களோடு இன்டர்ன்ஷிப் சான்றிதழ் வந்துவிடுவதும், வாசலைக்கூட மிதிக்காத நிறுவனத்தின் முத்திரையோடு அறிக்கை தயாராவதும் இதனால்தான். கதவு திறந்த பிறகு என்ன நடக்கும்? நேர்முகத்தில் அனுபவமுள்ள ஒருவர் இரண்டாவது கேள்வியைக் கேட்டதும் தெரிந்துவிடும். ஊதுதுளைக்குக் காரணம் என்ன என்ற முதல் கேள்விக்கு எல்லோரும் பதில் சொல்வார்கள். உங்கள் பவுண்டரியில் எதைச் சந்தேகித்தீர்கள், அது இல்லை என்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்ற இரண்டாவது கேள்விக்குப் போய் நின்றவர் மட்டும்தான் சொல்ல முடியும்.

கல்லூரி தொழிலாளிகளைத் தயாரிக்கும் இடமல்ல, சிந்திக்கக் கற்பிக்கும் இடம் என்று சொல்லும் பேராசிரியர்களின் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் பட்டறையில் நின்றவருக்குத்தான் பாடம் தேவைப்படத் தொடங்குகிறது. ரிஜெக்ட் எண்ணிக்கை இந்த வாரம் குறைந்தது உண்மையான மாற்றமா, தற்செயலா என்று கேட்டுப் பார்த்த மாணவி, அடுத்த செமஸ்டர் புள்ளியியல் வகுப்பில் முன்வரிசையில் இருப்பார். அமெரிக்கப் பொறியியல் பேராசிரியர் ஹெர்மன் ஷ்னைடர் 1906இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 27 பொறியியல் மாணவர்களை வகுப்புக்கும் தொழிற்சாலைக்கும் மாற்றி மாற்றி அனுப்பத் தொடங்கியது இந்த எண்ணத்தில்தான். நம் நாட்டில் பிலானியின் பிட்ஸ் 1973இல் தொடங்கிய பிராக்டிஸ் ஸ்கூலில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. இரண்டாம் ஆண்டு முடிந்ததும் இரண்டு மாதம் மாணவர்கள் நிறுவனங்களுக்குப் போகிறார்கள், கல்லூரியின் ஆசிரியரும் உடன் பொறுப்பேற்கிறார். நாட்குறிப்பு, கருத்தரங்கு, அறிக்கை எல்லாவற்றுக்கும் மதிப்பீடு உண்டு. மாணவரை உறை சுற்றும் மேசையில் உட்கார வைத்திருந்தால் அதை இரண்டாம் வாரமே பார்த்து, மேலாளரிடம் பேசி, இடம் மாற்றித் தர ஓர் ஆள் இருக்கிறார் என்பதுதான் இதில் முக்கியம். மாணவர் தானாகக் கேட்பது கடினம். ஆசிரியர் கேட்டால் பெரும்பாலும் நடக்கும்.

நம் கல்லூரிகள் பலவற்றில் ஒரே ஒருங்கிணைப்பாளர், அவர் மேசையில் நூறு சான்றிதழ்கள். விடுமுறை முடிந்து வந்த மாணவர் ஸ்பைரல் பைண்டிங் செய்த அறிக்கையை நீட்டுகிறார். முதல் பத்துப் பக்கம் நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து எடுத்த வரலாறு, கடைசியில் நன்றியுரை. முத்திரை இருக்கிறதா, நாட்கள் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். வைவா ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் அறிக்கையை மூடி ஓரமாக வைத்துவிட்டு, அங்கே நீங்கள் செய்ததில் எது பலிக்கவில்லை, அதை யாரிடம் முதலில் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார் என்று கேட்கலாம். பவுண்டரி மாணவி மூன்றாம் வாரம் வரை ஈரத்தையே சந்தேகித்ததையும், மதியம் வந்த கோர்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னது ஒரு மோல்டர் என்பதையும் அப்போதுதான் சொல்வார்.